சுட்டுவிரலின் விலை: இணைய இணைப்புகள் விற்பனைக்கு வந்த வரலாறு

2010ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் பண்டிகைக்கால விற்பனை உச்சத்தில் இருந்தபோது, கூகுளில் ‘ஆடைகள்’ என்று தேடியவருக்கும், ‘படுக்கை விரிப்பு’ என்று தேடியவருக்கும், ‘தரைவிரிப்பு’ என்று தேடியவருக்கும் ஒரே கடை முதலிடத்தில் வந்து நின்றது. ஜே.சி. பென்னி என்னும் பெரும் சில்லறை வணிக நிறுவனத்தின் வலைத்தளமே அது. சாம்சோனைட் நிறுவனத்தின் கைப்பெட்டியை அதன் பெயர் சொல்லித் தேடியவருக்குக்கூட, அப்பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் பக்கத்துக்கு மேலே ஜே.சி. பென்னியின் பக்கம் காட்டப்பட்டது. ஒரு கடை எல்லாப் பொருளிலும் எல்லாரையும் விஞ்சி நிற்பது எப்படி என்னும் ஐயம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு எழுந்தது. அதன் விடை 2011 பிப்ரவரியில் அந்நாளிதழில் நீண்ட கட்டுரையாக வெளியானது.

நாளிதழ் நாடிய தேடுபொறி வல்லுநர் ஒருவர், ஜே.சி. பென்னியை நோக்கி இணைப்பு கொடுத்திருந்த 2,015 பக்கங்களைக் கண்டெடுத்தார். அவை நாய் வளர்ப்பு, குறட்டை, பல் மருத்துவம், மீன்பிடித்தல், ஒளிப்படக் கருவி என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தளங்களில் கிடந்தன. அப்பக்கங்களின் மூலையில் ‘மாலை நேர ஆடைகள்’, ‘கறுப்பு ஆடைகள்’ போன்ற சொற்கள் இணைப்புகளாகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை எந்த மனிதரும் படித்துச் சொடுக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவை இயந்திரத்தின் கண்ணில் படுவதற்காகவே வைக்கப்பட்டவை. தனக்குத் தெரியாமல் இது நடந்தது என்று மறுத்த நிறுவனம், தன் தேடுபொறி ஆலோசகரைப் பணியிலிருந்து நீக்கியது. கூகுளின் தண்டனை விரைந்து வந்தது. பிப்ரவரி 1 அன்று 59 தேடுசொற்களில் சராசரியாக 1.3ஆம் இடத்தில் இருந்த ஜே.சி. பென்னி, பிப்ரவரி 10 அன்று 52ஆம் இடத்துக்கு இறங்கியிருந்தது.

இச்செயலுக்காக எவரும் சிறை செல்லவில்லை. கடை விற்ற ஆடைகளில் போலி ஏதும் இல்லை. இணைப்பை விற்றவரும் வாங்கியவரும் மனமொப்பியே வணிகம் செய்தனர். அப்படியானால் குற்றம் எது? தவறிழைக்கப்பட்டவர் யார்? இவ்வினாவுக்கு விடை காண, ஓர் இணைப்பு எப்படி மதிப்புடைய பொருளாக மாறியது என்னும் வரலாற்றுக்குள் செல்ல வேண்டும்.

அவ்வரலாறு இணையத்துக்கு முன்பே, நூலகத்தில் தொடங்குகிறது. 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் யூஜின் கார்ஃபீல்டு ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஓர் ஆய்வுக்கட்டுரையைப் பின்னர் யார் யார் மேற்கோள் காட்டினர் என்பதைத் தொகுத்தால், அறிவு எவ்வழியில் பயணித்தது என்று அறியலாம் என்பது அவர் கருத்து. வேதியியல் படித்து, நூலகவியலில் பயின்று, பின்னர் அமைப்பு மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 1960களில் அவர் உருவாக்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை, ஒரு கட்டுரையைத் தேடிக் கண்டடைவதற்கான கருவியாகவே பிறந்தது. ஆனால் எண்ணக்கூடிய எதுவும் விரைவில் அளவுகோலாகிவிடும். எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்பதே ஆய்வாளரின் தகுதி என்று பின்னர் ஆனது.

நாற்பது ஆண்டுகள் கழித்து இதே கருத்து இணையத்துக்கு வந்தது. 1990களின் நடுப்பகுதியில் ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் உள்ள சொற்களைக் கொண்டே அதனை மதிப்பிட்டன. ஆகவே ஏமாற்றுவது எளிதாயிற்று. வெண்ணிறப் பின்புலத்தில் வெண்ணிற எழுத்தால் ஒரே சொல்லை நூறுமுறை எழுதி வைத்தால், மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. இயந்திரம் மட்டும் படித்துக்கொள்ளும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கேய் பிரின்னும் இதற்கு ஒரு மாற்றைக் கண்டனர். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புவதைவிட, பிற பக்கங்கள் அதனைச் சுட்டுவதை நம்பலாம். பலரால் சுட்டப்பட்ட பக்கம் தானும் சுட்டினால் அதற்குக் கூடுதல் எடை தரலாம். பேஜ்ரேங்க் என்று பெயர் பெற்ற இம்முறையை விளக்கும் அவர்களது ஆய்வுரை 1998இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் மாநாட்டில் வெளியானது.

தமிழில் இணையம் பழகியோர் இதற்கு இரண்டு சொற்களை வழங்கி வருகின்றனர். ஒன்று ‘இணைப்பு’, மற்றொன்று ‘சுட்டி’. இரண்டுக்கும் நுட்பமான வேறுபாடு உண்டு. இணைப்பு இரண்டு இடங்களைச் சேர்க்கிறது. அதில் பேசுபவர் இல்லை. சுட்டுவதற்கோ சுட்டுபவர் ஒருவர் வேண்டும். அகர, இகர, உகரங்களைச் சுட்டு என்று தொல்காப்பியம் வகுத்ததும் பேசுபவரின் நிலையை வைத்தே பொருள் கொள்ளும். ‘அது’ என்று ஒருவர் சொல்லும்போது, கேட்பவர் தம் பார்வையை அத்திசையில் திருப்புகிறார். சொன்னவர் வீணாகத் திருப்பமாட்டார் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணம். பேஜும் பிரின்னும் கணக்கிட்டது இணைப்புகளை அல்ல, இந்தச் சுட்டுதலை. அக்கணக்கு செல்லுபடியாக ஒரே ஒரு நிபந்தனை இருந்தது: சுட்டியவர், தாம் சுட்டியதற்காக எவரிடமும் கூலி பெற்றிருக்கக் கூடாது.

இந்நிபந்தனை எவ்வளவு எளிதில் உடையும் என்பதை அவர்களே அறிந்திருந்தனர். அந்த 1998 ஆய்வுரையின் பின்னிணைப்பில் விளம்பரத்தைப் பற்றி ஒரு பகுதி உண்டு. விளம்பர வருவாயில் வாழும் தேடுபொறி, இயல்பாகவே தேடுபவரைவிட விளம்பரதாரர் பக்கம் சாய்ந்துவிடும் என்று அதில் எச்சரித்திருந்தனர். கைப்பேசி என்று தேடினால் தங்கள் சோதனைத் தேடுபொறி, வாகனம் ஓட்டும்போது கைப்பேசி பேசுவதால் சிதறும் கவனம் பற்றிய ஓர் ஆய்வை முன்னிறுத்துகிறது. கைப்பேசி விளம்பரங்களால் பிழைக்கும் நிறுவனம் இதனைச் செய்யத் தயங்கும் என்பது அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு. ஓப்பன் டெக்ஸ்ட் என்னும் தேடுபொறி, குறிப்பிட்ட சொற்களுக்கு முதலிடத்தை விற்பதாகச் செய்தி வெளிவந்து எதிர்ப்பு கிளம்பியதையும் அவர்கள் குறிப்பிட்டனர். வெளிப்படையான விளம்பரத்தைவிட இது கொடியது என்பது அவர்கள் முடிவு. ஏனெனில் எந்த இடம் தகுதியால் வந்தது, எந்த இடம் பணத்தால் வந்தது என்று பார்ப்பவரால் பிரித்தறிய முடியாது.

இடத்தை விற்பதே தவறு என்று கொள்ளாதவர்களும் அக்காலத்தில் இருந்தனர். 1998இல் கலிஃபோர்னியாவின் பசடீனாவில் பில் கிராஸ் தொடங்கிய கோட்டு.காம் தேடுபொறி, ஒவ்வொரு தேடுசொல்லையும் ஏலத்தில் விட்டது. மிகுந்த தொகை கேட்டவர் முதலில் நின்றார். தொடர்பில்லாத வருகையாளருக்காக எவரும் பணம் கொடுக்கமாட்டார். ஆதலால் பணமே குப்பையை வடிகட்டும் என்பது கிராஸின் வாதம். அவரது செயலில் ஒரு நேர்மை இருந்தது. ஒவ்வொரு முடிவின் அருகிலும், ஒரு சொடுக்குக்கு விளம்பரதாரர் எவ்வளவு தருகிறார் என்பதே அச்சிடப்பட்டிருந்தது. விலைச்சீட்டு ஒட்டிய பொருளை வாங்குபவர் ஏமாறுவதில்லை. பின்னர் ஓவர்ச்சர் என்று பெயர் மாறிய அந்நிறுவனத்தை 2003இல் யாகூ வாங்கியது. 2000 அக்டோபரில் தொடங்கிய கூகுளின் விளம்பரத் திட்டமும் 2002இல் ஏல முறைக்கு மாறியது. பின்னிணைப்பில் எச்சரித்தவர்களே அவ்வழியில் நடக்கத் தொடங்கியிருந்தனர். எனினும் விளம்பரத்தைத் தனியே பிரித்து, பெயரிட்டுக் காட்டுவோம் என்பது அவர்கள் கொடுத்த உறுதி.

பெயரிட்டுக் காட்டுதல் என்னும் இக்கோட்பாடு அப்போது புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நாளிதழ்களில் செய்தி போலவே உருக்கொண்ட விளம்பரங்கள் மலிந்திருந்தன. சலுகை அஞ்சல் கட்டணத்தைப் பெறும் இதழ்கள், பணம் பெற்று வெளியிடும் பகுதியை விளம்பரம் என்று குறிக்க வேண்டும் என 1912இல் அந்நாட்டில் சட்டம் வந்தது. வானொலி அறிவிப்பாளர்கள் இசைத்தட்டு நிறுவனங்களிடம் பணம் பெற்றுக்கொண்டு பாடல்களை ஒலிபரப்பியது 1959இல் பெரும் ஊழலாக வெடித்தது. அதன் பின்னர் 1960இல் ஒலிபரப்புச் சட்டம் திருத்தப்பட்டது. அதே வழியில், 2001 ஜூலையில் கமர்ஷியல் அலர்ட் என்னும் நுகர்வோர் அமைப்பு, பணம் பெற்ற முடிவுகளை மறைத்துக் காட்டுவதாகத் தேடுபொறி நிறுவனங்கள் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தில் முறையிட்டது. 2002 ஜூனில் ஆணையம், பணம் பெற்ற முடிவுகளைத் தெளிவாக வேறுபடுத்திக் காட்டுமாறு தேடுபொறிகளை அறிவுறுத்தியது.

ஆனால் இவ்விதிகள் அனைத்தும் தேடுபொறி தானே விற்கும் இடத்தைப் பற்றியவை. தேடுபொறி நம்பியிருந்த சாட்சிகளை வேறொருவர் விலைக்கு வாங்கினால் என்ன செய்வது என்று எவரும் வரையறுக்கவில்லை. அச்சந்தைக்கு விதையிட்டதும் கூகுளே. 2000 டிசம்பரில் அந்நிறுவனம் வெளியிட்ட கருவிப்பட்டை, ஒவ்வொரு பக்கத்தின் பேஜ்ரேங்கையும் 0 முதல் 10 வரையிலான எண்ணாகப் பச்சைக்கோட்டில் காட்டியது. அதுவரை அருவமாக இருந்த நற்பெயருக்கு அன்று ஓர் எண் கிடைத்தது. எண் கிடைத்த பின் விலை நிர்ணயிப்பது எளிது. ஏழு மதிப்புள்ள பக்கத்தில் ஓர் இணைப்புக்கு இவ்வளவு, ஐந்துக்கு இவ்வளவு என்று பேரம் நடந்தது. சிறிய எழுத்துகளில், படமின்றி, சாதாரணச் சொற்றொடர் போலத் தோன்றும் உரை இணைப்பு விளம்பரங்கள் ஒரு தொழிலாகவே வளர்ந்தன.

அத்தொழிலின் முதல் வழக்கு ஓக்லஹோமாவில் எழுந்தது. சர்ச்கிங் என்னும் நிறுவனம் 2002இல், உயர்ந்த பேஜ்ரேங்க் உள்ள தளங்களில் இணைப்பு வாங்கித் தரும் இடைத்தரகு வணிகத்தைத் தொடங்கியது. சில வாரங்களில் அதன் சொந்தத் தளத்தின் மதிப்பு 8இலிருந்து 4ஆகச் சரிந்தது. கூகுள் வேண்டுமென்றே குறைத்ததாக அது வழக்குத் தொடுத்தது. 2003 மே மாதம் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பேஜ்ரேங்க் என்பது ஒரு பக்கத்தின் முக்கியத்துவம் பற்றிய கருத்து. கருத்துரைக்கும் உரிமை அரசமைப்பால் காக்கப்பட்டது என்பது தீர்ப்பின் சாரம். இத்தீர்ப்பின் விளைவு இருமுனை கொண்டது. இணைப்பு வணிகரைத் தண்டிக்கும் அதிகாரம் கூகுளுக்கு உறுதியானது. அதேவேளை, உலகமே உண்மையின் அளவுகோலாகக் கருதத் தொடங்கியிருந்த தரவரிசை, சட்டத்தின் பார்வையில் ஒரு தனியார் நிறுவனத்தின் அபிப்பிராயம் மட்டுமே என்பதும் பதிவாயிற்று.

இவ்வணிகத்தில் ஈடுபட்டோர் எல்லாரும் கயவர்கள் அல்லர் என்பதை 2005ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மார்ச்சில், கட்டற்ற மென்பொருளான வேர்ட்பிரஸ் திட்டத்தின் தளத்தில், விளம்பர வருவாய்க்காகவே எழுதப்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. முகப்புப் பக்கத்திலிருந்து அவற்றுக்குச் செல்லும் இணைப்புகள் கண்ணுக்குத் தெரியாதவாறு திரைக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தன. திட்டத்தின் செலவுகளை ஈடுகட்டவே அவ்வாறு செய்ததாக விளக்கிய அதன் நிறுவனர் மேட் முல்லன்வெக், தவறு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இலவசமாகக் கிடைத்த மென்பொருளைப் போற்றிப் பல்லாயிரம் பேர் மனமுவந்து கொடுத்த சுட்டுகளே அத்தளத்துக்கு உயர்ந்த மதிப்பைத் தந்திருந்தன. விற்கப்பட்டது அவர்கள் கொடுத்த நம்பிக்கை. அதனை விற்கும் உரிமை எவருக்கும் கொடுக்கப்படவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் மற்றொரு மதிப்புமிக்க பெயர் இவ்விவாதத்துக்குள் வந்தது. கணினி நூல்களுக்குப் புகழ்பெற்ற ஓ’ரைலி பதிப்பகத்தின் தளங்களில், அவற்றின் பொருளோடு தொடர்பற்ற உரை இணைப்பு விளம்பரங்கள் இருப்பதை வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார். பதிப்பகத்தின் நிறுவனர் டிம் ஓ’ரைலி அதனை மூடிமறைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவ்விளம்பரங்கள் வருவதையும், தமக்குள் எழுந்த தடுமாற்றத்தையும் வெளிப்படையாக எழுதி, வாசகர்களின் கருத்தைக் கேட்டார். கூகுளின் பொறியாளர் மேட் கட்ஸ் அவ்விவாதத்தில் கலந்துகொண்டு, அத்தளங்கள் தரும் இணைப்புகளைக் கூகுள் பல மாதங்களாகவே நம்புவதில்லை என்று தெரிவித்தார். இவ்விடையில் ஒரு பெரும் இழப்பு அடங்கியுள்ளது. அத்தளங்களில் எழுதிய நிரலாளர்கள் உண்மையான நன்மதிப்போடு கொடுத்த சுட்டுகளும், விற்ற சுட்டுகளோடு சேர்ந்து மதிப்பிழந்தன. கூலிக்குச் சொன்ன ஒரு சாட்சியால், அதே வாயிலிருந்து வரும் மெய்ச்சாட்சியும் செல்லாததாகிறது.

அவ்வாண்டு ஜனவரியில்தான் இதற்கு ஒரு தொழில்நுட்ப விடை அறிமுகமாகியிருந்தது. ‘நோஃபாலோ’ என்னும் குறிப்பை இணைப்பில் சேர்த்தால், தேடுபொறி அதனைப் பரிந்துரையாகக் கணக்கிடாது. கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்றும் அதனை ஏற்றன. பின்னூட்டக் குப்பைகளைத் தடுக்கவே பிறந்தது எனினும், விரைவில் விளம்பர இணைப்புக்கும் அதுவே அடையாளமாயிற்று. மனிதருக்கு ‘விளம்பரம்’ என்று சொல்லும் பலகையைப் போல, இயந்திரத்துக்குச் சொல்லும் பலகை அது. அதன் வருகைக்குப் பின் அறவினா கூர்மை பெற்றது. வருகையாளரைப் பெறுவதற்காக மட்டுமே விளம்பரம் என்றால், அக்குறிப்பைச் சேர்ப்பதால் விளம்பரதாரருக்கு நட்டமில்லை. குறிப்பைச் சேர்த்தால் விலை சரிந்துவிடும் என்றால், விற்கப்பட்டது விளம்பரம் அல்ல, சாட்சியம் என்றே பொருள்.

தண்டனைகள் தொடர்ந்தன. 2006இல் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளம், இயந்திரத்துக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறொரு பக்கமும் காட்டியதற்காகக் கூகுளின் அட்டவணையிலிருந்தே சில நாட்கள் நீக்கப்பட்டது. 2011இல் ஓவர்ஸ்டாக் என்னும் இணையக் கடை, தன் பொருள்களுக்கு இணைப்பு தரும் பல்கலைக்கழகத் தளங்களின் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் 10 விழுக்காடு தள்ளுபடி வழங்கியதற்காகத் தண்டிக்கப்பட்டது. கல்வி நிறுவனத்தின் சொல்லுக்குத் தேடுபொறியிலும் மதிப்பு மிகுதி. அம்மதிப்பை மலிவாக வாங்கும் வழி அது. கூகுளே தன் விதியில் சிக்கிய நிகழ்வுகளும் உண்டு. 2009இல் ஜப்பானில் பணம் கொடுத்துப் பதிவுகள் எழுதச் செய்ததற்காகத் தன் ஜப்பானியத் தளத்தின் மதிப்பைத் தானே குறைத்துக்கொண்டது. 2012 ஜனவரியில் குரோம் உலாவிக்காக அதேபோன்ற பரப்புரை வெளிப்பட்டதும், குரோம் பக்கத்தின் தரவரிசையைக் குறைந்தது 60 நாட்களுக்குத் தாழ்த்தியது.

2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்னும் பெயரில் கூகுள் கொண்டுவந்த மாற்றம், செயற்கை இணைப்புகளைப் பெருமளவில் தண்டிக்கத் தொடங்கியது. அதன் விளைவு எதிர்பாராத பக்கத்திலும் தெரிந்தது. முன்னர் இணைப்புக்காகக் கெஞ்சியவர்கள், இப்போது இணைப்பை நீக்குமாறு தள உரிமையாளர்களுக்கு மடல் அனுப்பினர். எதிராளியின் தளத்துக்குத் தானே மலிவான இணைப்புகளை வாங்கிக் கொடுத்து அவரைத் தண்டனைக்கு உள்ளாக்கலாம் என்னும் அச்சமும் பரவியது. அவ்வாண்டு அக்டோபரில், தனக்கு வரும் இணைப்புகளைத் தானே மறுதலிக்க ஒரு கருவியைக் கூகுள் வழங்க வேண்டியதாயிற்று. ஒருவரைப் பிறர் சுட்டுவதே ஆபத்து என்னும் நிலை அது. விலை புகுந்த பின் சுட்டுதல் என்னும் எளிய செயல் எவ்வளவு சிதைந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இணைப்பு விற்போரின் தரப்பிலும் வலுவான வாதங்கள் உண்டு. தம் பக்கத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்யும் உரிமை தம்முடையது என்பது முதலாவது. தேடுபொறி இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் இணைப்புகளால் பெரும்பொருள் ஈட்டுகிறது. அவற்றை உருவாக்கிய சிறு எழுத்தாளர் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்பது இரண்டாவது. விதியை வகுப்பதும், வழக்கை விசாரிப்பதும், தண்டிப்பதும், அதே வீதியில் விளம்பர இடம் விற்பதும் ஒரே நிறுவனம் என்பது மூன்றாவது. சிலப்பதிகாரம் கூறும் புகார் நகரின் சதுக்கப்பூதம் பொய்ச்சாட்சி சொல்வோரைப் பிடித்து உண்டது. ஆனால் அப்பூதம் அச்சதுக்கத்தில் கடை வைத்திருக்கவில்லை.

மூன்றாம் வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது. தேடல் பக்கத்தில் விளம்பரங்களைப் பிரித்துக் காட்டிய வண்ணப் பின்புலத்தைக் கூகுள் 2013-14 காலத்தில் அகற்றியது. பின்னர் விளம்பரம் என்னும் சிறு பெயர்ப்பட்டை மட்டும் எஞ்சியது. 2020 ஜனவரியில் கணினித் திரையில் விளம்பரமும் இயல்பான முடிவும் ஏறத்தாழ ஒரே தோற்றம் பெற்றபோது கண்டனம் எழுந்து, நிறுவனம் ஓரளவு பின்வாங்கியது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக முற்றுரிமையைக் காத்து வந்தது என்று தீர்ப்பளித்தார். உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் தேடுபொறியே இயல்பாக அமைந்திருப்பதற்காக அந்நிறுவனம் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அவ்வழக்கில் வெளிவந்தது. முதலிடத்தை விலைக்கு வாங்காதே என்று பிறருக்கு விதித்த நிறுவனம், தன் முதலிடத்துக்கு அவ்விலையைக் கொடுத்து வந்தது.

எனினும் காவலரின் குறை, களவுக்கு நியாயமாகாது. தம் பக்கத்தில் விளம்பரம் வைக்கும் உரிமை எழுத்தாளருக்கு உண்டு. அதனை விளம்பரம் என்று சொல்லாமல் இருக்கும் உரிமைதான் வினாவுக்கு உரியது. விற்பவர், வாங்குபவர், கூகுள் ஆகிய மூவர் மட்டுமே இவ்விவகாரத்தில் இருந்தால் அது வெறும் வணிகப் பூசல். நான்காமவர் ஒருவர் இருக்கிறார். திரைக்கு முன் அமர்ந்து, நோய்க்கு மருந்தையோ பிள்ளைக்குக் கல்லூரியையோ தேடும் வாசகர் அவர். பேரத்தில் அவர் கலந்துகொள்வதில்லை. அவரது நம்பிக்கையே அங்கு கைமாறுகிறது. ஐந்தாமவரும் உண்டு. நல்ல பொருளை வைத்துக்கொண்டு, இணைப்பு வாங்க வசதியின்றிப் பத்தாம் பக்கத்தில் கிடக்கும் சிறு கடைக்காரர் அவர்.

இந்தியாவில் இச்சிக்கல் வேறு வடிவங்களில் அறிமுகமானதே. 2009 தேர்தல்களின்போது நாளிதழ்கள் வேட்பாளர்களிடம் பணம் பெற்றுச் செய்தியாக வெளியிட்டதைப் பற்றி, இந்தியப் பத்திரிகை மன்றத்தின் இருவர் துணைக்குழு 2010இல் விரிவான அறிக்கை தயாரித்தது. மன்றம் முதலில் அதன் சுருக்கத்தை மட்டுமே வெளியிட்டது. தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பின்னரே முழு அறிக்கை வெளிவந்தது. பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்களைக் களையப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ‘கேர்’ பட்டியலை வெளியிட வேண்டியிருந்தது. செய்தி, மேற்கோள், இணைப்பு ஆகிய மூன்றிலும் நோய் ஒன்றே: சாட்சியம் போல் தோற்றம் கொண்ட விற்பனை.

தேடல் தொடர்பான முதன்மையான இந்திய வழக்குகளில் ஒன்று சென்னையில் எழுந்தது. தன் திருமணத் தகவல் தளங்களின் பெயர்களைத் தேடுசொற்களாக ஏலம் எடுக்கப் போட்டியாளர்களைக் கூகுள் அனுமதிப்பதாக, பாரத் மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. 2010இல் தனி நீதிபதி இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். ஒரு மொழியின் பெயரையும் திருமணம் என்னும் பொதுச்சொல்லையும் சேர்த்து ஆக்கிய பெயர்கள் பொருளை விவரிக்கும் தன்மையன என்பது அவ்வழக்கின் மையச் சிக்கலாக இருந்தது. பொதுச்சொல் எவருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதே பொதுச்சொல்லைக் கூகுள் ஏலத்தில் விற்கலாம் என்னும் முரண் அங்கே தெரிந்தது. அந்நிறுவனமும் கட்ஸ் என்னும் நுகர்வோர் அமைப்பும் 2012இல் தொடுத்த முறையீடுகளின் மீது, இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. தேடல் முடிவுகளில் தன் விமானப் பயணச் சேவையை முறையின்றி முன்னிறுத்தியது அதன் காரணங்களில் ஒன்று. 2023 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றம், வணிகக்குறியைத் தேடுசொல்லாக விற்பதில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்லர், செயலூக்கமுள்ள பங்கேற்பாளர் என்று கூறியது. அதே ஆண்டு நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்த ‘இருண்ட வடிவமைப்பு’ விதிமுறைகள், மாறுவேட விளம்பரத்தைத் தடைசெய்யப்பட்ட 13 உத்திகளுள் ஒன்றாகச் சேர்த்தன.

இந்திய மொழிகளுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. ஆங்கில இணையம் பெருங்கடல். அங்கே ஒரு கடையை முதலிடத்துக்கு ஏற்ற 2,015 பக்கங்கள் தேவைப்பட்டன. நல்ல பக்கங்கள் குறைவாகவும் அவற்றுக்கிடையே சுட்டுகள் அதனினும் குறைவாகவும் உள்ள மொழியில் மிகச்சில இணைப்புகளே தராசைச் சாய்த்துவிடும். சர்க்கரை நோய்க்குத் தன் மொழியில் தீர்வு தேடும் ஒருவருக்கு, மருத்துவர் எழுதிய பக்கத்துக்கு மேலே சூரண வணிகரின் பக்கம் நிற்குமானால், ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு மாற்றுப் பக்கங்கள் அதிகம் இருக்காது. விற்பவருக்கு அது சில நூறு ரூபாய் வருவாய், வாங்குபவருக்குச் சந்தை, தேடியவருக்கோ உடல்நலம்.

பேஜ்ரேங்கைக் காட்டிய பச்சைக்கோட்டைக் கூகுள் 2016இல் நீக்கிவிட்டது. சந்தை நீங்கவில்லை. இன்று இணைப்புகள் ‘விருந்தினர் கட்டுரை’ என்னும் பெயரிலும் வருகின்றன. சிறு தளம் நடத்துவோருக்கு அவற்றை வெளியிடக் கோரும் மடல்கள் வந்தவண்ணம் உள்ளன. அவற்றை ஏற்பதற்கு முன் கேட்டுக்கொள்ளத்தக்க வினா, 1912இன் சட்டத்திலும் 2005இன் விவாதத்திலும் கேட்கப்பட்ட அதே வினாதான். இதற்குப் பணம் பெறப்பட்டது என்று பக்கத்தின் மேலேயே எழுதி, இயந்திரத்துக்கும் அக்குறிப்பைச் சேர்த்த பிறகும், இதே தொகையைத் தர அவர் ஒப்புவாரா? ஒப்புவார் எனில் அது விளம்பரம், கூச்சமின்றி வெளியிடலாம். ஒப்பமாட்டார் எனில், அவர் விலைபேசுவது பக்கத்தின் மூலையை அல்ல. அப்பக்கத்தை நம்பி வருவோர், அது சுட்டும் திசையில் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வையை.